பரவாயில்லைக்கு எத்தனை மார்க்

கண்ணாடியை மாட்டியதும் ரங்கநாயகிக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது தடவை மாட்டியாகிவிட்டது, இன்றைக்குப் பத்தாவது, கடைசித் தடவை, இன்னும் அந்தச் சிரிப்பு விட்டுப்போகவில்லை. வெல்டிங் பட்டறையில் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு பச்சைக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு ஐம்பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வலது தோளைத் திறந்து வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே அதே கண்ணாடியோடு இருபத்துநாலு வயது தர்ஷிணி, இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ இரும்புக் கேட்டை ஒட்டவைக்கப் போகிறவர்கள் போல. "ஆடாம உக்காருங்கம்மா. ஆறு எடம், எடத்துக்கு ரெண்டு நிமிசம்" என்று தர்ஷிணி பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொன்னாள். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற இந்தச் சின்ன அறைக்கு வந்து போக ஆரம்பித்து இருபது நாளாகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள். பேனாவைவிடத் தடியாக, டார்ச் லைட்டைவிட ஒல்லியாக ஒரு கோல், அதன் நுனி தோளின் முன்பக்கத்தில் வந்து பதிந்தது. பெட்டிக்குள் கீங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சுடவில்லை, குத்தவில்லை, இழுக்கவில்லை. இந்த லேசரோடு ரங்கநாயகிக்கு இருந்த ஒரே மனத்தாங்கல் அதுதான், ஒரு வைத்தியம் என்றால் கொஞ்சமாவது எரிய வேண்டாமா, ஊசியானால் சுருக்கென்கிறது, தைலமானால் கண்ணைக் கரிக்கிறது, இது என்னவோ தொட்டும் தொடாமலும் நின்றுவிட்டுப் போகிறது. வெளிச்சம் சதைக்குள்ளே போய் உள்ளே சோம்பிக் கிடக்கிற செல்லையெல்லாம் உசுப்பிவிடும் என்று தர்ஷிணி முதல் நாள் படம் போட்டுக் காட்டினாள். பால் ஊற்ற வருகிற செல்லம்மாளிடம் அதைச் சொன்னபோது அவள், "லேசா வெச்சாப் பத்துமாக்கா, நல்லா அழுத்தி வெக்கச் சொல்லுங்க" என்றாள். லேசர் என்றால் லேசாக வைப்பது என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை என்றுதான் ரங்கநாயகிக்குப் பட்டது.

வீட்டுக்காரர் நாச்சிமுத்து அதைவிட மோசம். முப்பத்தாறு வருஷம் மின்சார வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக இறங்கியவர், பதினோராயிரம் வோல்ட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்று வேலை செய்த மனிதர். முதல் நாள் இதே அறையில் நின்றுகொண்டு, "இதுல எத்தன வாட்டுங்க வருது?" என்று கேட்டார். தர்ஷிணி பாவம், பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "நூறு மில்லிவாட்டுங்கய்யா" என்றாள். "மில்லியா?" என்றார். அந்த ஒரு சொல்லை மாடிப்படி இறங்குகிற வரைக்கும் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே வந்தார். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், "நம்மூட்டுச் சாமி ரூம்ல எரியற குட்டி பல்பு இதுக்கு மேல இருக்கும்" என்றார். ஆனால் ஒருநாள் விட்டு அடுத்த நாள் காலையில் குளித்து முடித்து, சட்டை பொத்தான் போட்டுக்கொண்டே, "இன்னைக்கு லேசரு" என்று ஞாபகப்படுத்தியதும் அவர்தான். ஒன்பது தடவையும் அவர்தான். நம்பிக்கை இல்லாத மனிதருக்கு இந்த ஞாபகம் எங்கிருந்து வருகிறது? இந்த இடத்துக்கு வந்ததும் ரங்கநாயகியின் மனசு கொஞ்சம் முரண்டு பிடித்தது. இப்போது அதை நினைக்க வேண்டாம் என்று தள்ளி வைத்தாள். பெட்டி கீங் என்றது. கோல் தோளின் உச்சிக்கு நகர்ந்தது.

இன்றைக்கு அந்தக் கேள்வி வரும். ஆறு இடமும் முடிந்ததும் தர்ஷிணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வலி எப்படிங்கம்மா இருக்கு, பத்துக்கு எத்தன மார்க்கு?" என்பாள். முதல் நாள் ஏழு என்றாள் ரங்கநாயகி. ஏன் ஏழு என்று கேட்டால் தெரியாது, எட்டு என்றால் ரொம்ப அலட்டிக்கொள்கிறோமோ, ஆறு என்றால் இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டுவிடுவாளோ. அடுத்தடுத்த நாட்களில் ஆறு, ஆறு, ஐந்து, நான்கு என்று ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆறாவது தடவையிலிருந்து நம்பர் சொல்வதை விட்டுவிட்டாள். "பரவாயில்ல கண்ணு" என்றாள். தர்ஷிணி பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு, "பரவாயில்லைன்னா ஒரு நாலு போட்டுக்கட்டுங்களா?" என்றாள். "போட்டுக்கோ சாமி" என்றாள் ரங்கநாயகி. அன்றிலிருந்து நாலு தடவையும் நாலு. பரவாயில்லைக்கு நாலு மார்க்காம். சின்னப்பிள்ளை, அதற்கு என்ன தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஜவுளிக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவளைக் கேட்க வேண்டும் பரவாயில்லைக்கு எத்தனை மார்க் என்று. சேலையை விரித்ததும் கீழுதட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி "பரவால்ல" என்று ஒருத்தி சொன்னால் அவள் வாங்கப் போவதில்லை, சேலையை மடித்துவிடலாம். விலையைக் கேட்டு ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு "பரவால்ல, போடுங்க" என்றால் மனசுக்குள் அவள் எப்போதோ அதைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்துவிட்டாள். நாற்பது சேலையைப் புரட்டிப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து, "சிரமம் குடுத்துட்டனாட்ட இருக்குது" என்று ஒரு புண்ணியவதி சொல்லும்போது, "அட, பரவாயில்லீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வாளே ரங்கநாயகி, அதற்கு எத்தனை மார்க்? அந்தப் பரவாயில்லை எல்லாம் சேர்ந்துதான் இந்தத் தோளில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும், மேல் தட்டிலிருந்து சேலையை இறக்குகிற வலது கை. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இது வரும், தோள்பட்டை இறுகிவிடும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அவர் மேல் தட்டைப் பார்த்ததில்லை.

சரி, அவள் சொல்கிற பரவாயில்லை எந்தப் பரவாயில்லை? அதைத்தான் அவளால் தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. உண்மை என்னவென்றால் கை சரியாகிவிட்டது. முழுசாக. எட்டு நாளுக்கு முன்னால் ஒரு காலை, வாணலியில் எண்ணெய் காய்ந்துவிட்டது, கடுகு டப்பா மேல் அலமாரியில், யோசிக்காமல் கையை நீட்டி எடுத்துவிட்டாள். எடுத்து, மூடியைத் திறந்து, கடுகைப் போட்டு, அது வெடித்த பிறகுதான் உறைத்தது, எடுத்தது வலது கை. ஏழு மாசமாக மார்புக்கு மேல் ஏறாத கை. அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். இன்னொரு தரம் மெதுவாகத் தூக்கினாள், காது, நெற்றி, உச்சி, அங்கிருந்து பின்னால் பிடரிக்கு. விரல்கள் தன் சடையைத் தானே தொட்டன. வலி? இருந்தது, எங்கேயோ தூரத்தில் இருந்தது, பக்கத்துத் தெருவில் கல்யாண மேளம் கேட்கிற அளவுக்கு. லேசராலா, சுவரில் விரலால் ஏணி ஏறுகிற மாதிரி தர்ஷிணி செய்யச் சொன்ன பயிற்சியாலா, இல்லை காலம் வந்தால் தானாகவே விட்டுவிடும் என்று பெரிய டாக்டர் சொன்னாரே அதனாலா, யாருக்குத் தெரியும். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததும் வந்தது, ஒரு அரை நிமிஷம். அதற்குள் முன்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கடுகு டப்பாவை இடது கையால் எடுத்து, எக்கி, மறுபடி மேல் அலமாரியில் வைத்தாள். யாரும் பார்க்கவில்லை. அவர் முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீங்.

மூன்றாவது இடம், தோளின் பக்கவாட்டு. சட்டென்று குளிர்ந்த மாதிரி இருந்தது, கோலின் கண்ணாடி நுனி. சடை. எல்லாம் அந்தச் சடையால் வந்தது. கை இறுகிப்போன புதிதில் இரண்டு வாரம் முடியை ஒரு கிளிப்பில் அள்ளிச் சொருகிக்கொண்டு திரிந்தாள். மகள் நித்யா பூனாவிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "வெட்டிக்கோம்மா, ஈசியா இருக்கும்" என்றாள். ஈசியாகத்தான் இருக்கும். ரங்கநாயகிக்கு இந்த வயசிலும் முடி இடுப்புக்கு வரும், நரைதான், ஆனால் அடர்த்தி. ஒருநாள் காலை இடது கையால் சீப்பைப் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சீப்பு நழுவி விழுந்தது. குனிந்தால் தோள் உயிர் போகும். விழுந்த சீப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சீப்புக்காக அழுகிற பொம்பளை. அப்போது கதவருகில் அவர் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ. வந்தார், சீப்பை எடுத்தார், "திரும்பி உக்காரு" என்றார். கல்யாணமாகி முப்பத்திமூன்று வருஷத்தில் அவர் அவளுடைய தலையைத் தொட்டது தாலி கட்டின அன்றைக்கு ஒரு தரம், அவளுக்கு டைபாய்டு வந்தபோது நெற்றியில் ஒரு தரம். கெட்ட மனிதர் கிடையாது, ஒரு நாளும் கை நீட்டினதில்லை, குடித்ததில்லை. பேசுவதுதான் இல்லை. அவருக்கு ஷிப்டு, இவளுக்குக் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை கடை. சாப்டாச்சா, சாப்டாச்சு, மோட்டார் போட்டியா, போட்டேன். இரண்டு பேரும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு டிவி பேசியது, இவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் அவர் போட்டது சடையே இல்லை. முடியை இரண்டாகப் பிரித்து ஒன்றோடு ஒன்று முறுக்கிவிட்டார், கம்பத்தின் மேலே ஒயரை ஜாயிண்ட் போடுவது போல, கையைத் துடைத்துக்கொண்டு, "இனி விடாது" என்றார். விட்டுவிட்டது, பத்து நிமிஷத்தில். மறுநாள் மூன்றாகப் பிரித்தார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "போன்ல பாத்தேன், ஒரு புள்ள சொல்லிக் குடுக்குது" என்றார், காது சிவந்திருக்கும் என்று திரும்பாமலேயே அவளுக்குத் தெரிந்தது. ஒரு மாசத்தில் கை பழகிவிட்டது. இழுக்கிற விதத்தில் மட்டும் லைன்மேன் போகவில்லை, ஒவ்வொரு பின்னலையும் போட்டு ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார், டைட்டாக இருக்கிறதா என்று. தலை பின்னால் போய் வரும். "ஏனுங்க, கம்பியா இது" என்பாள். "ம்" என்பார், அடுத்த பின்னலையும் சுண்டுவார். பிறகு ஒருநாள், எந்தக் காரணமும் இல்லாமல், அவர் பேச ஆரம்பித்தார். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, அவருக்கு எதிரே இருந்தது ஒரு பின்தலை மட்டும், அதுதான் அவரைத் திறந்துவிட்டது என்று ரங்கநாயகி பிறகு யோசித்துக் கண்டுபிடித்தாள். மழை நாளில் கம்பத்தில் ஏறும்போதெல்லாம் கால் நடுங்கும் என்றார். முப்பத்தாறு வருஷமும் நடுங்கியதாம். கூட வேலை செய்த ராமசாமி தன் கண்முன்னால் கம்பத்திலிருந்து விழுந்ததைச் சொன்னார், அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தது இவளுக்கு ஞாபகம் இருக்கிறது, ஒரு சொல் சொல்லவில்லை. இன்னொரு நாள், "உன்ற கடைக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல நிப்பேன்" என்றார். எப்போது என்றாள். "அப்பப்ப. ஷிப்டு முடிஞ்சு வாரப்ப. நீ மேல இருந்து சேலை எடுத்துப் போடுவே. பாத்துட்டு வருவேன்." கழுத்தைத் திருப்ப முடியவில்லை, முடி அவர் கையில் இருந்தது. திருப்பியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார் என்றும் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் எதிர்ச் சாரியில் தனக்காக ஒரு ஆள் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது, இவள் உள்ளே பரவாயில்லீங்க பரவாயில்லீங்க என்று சேலை மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

காலையில் பத்து நிமிஷம். அவ்வளவுதான் அது. சடை முடிந்ததும் ரப்பரைச் சுற்றிவிட்டு அவர் பழைய நாச்சிமுத்துவாகிப் பேப்பரை எடுத்துக்கொள்வார், மோட்டார் போட்டியா என்பார். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவள் இப்போதெல்லாம் கொஞ்சம் முன்னாலேயே எழுந்துவிடுகிறாள், தலையைச் சிக்கெடுக்காமல் வைத்திருக்கிறாள், சிக்கு இருந்தால் இரண்டு நிமிஷம் கூடும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கை சரியாகிவிட்டது என்று சொன்னால் அந்தப் பத்து நிமிஷம் போயிற்று. கை நன்றாக இருக்கும்போது எனக்குச் சடை போட்டுவிடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? ஐம்பத்தொன்பது வயசில்? மனசுக்குள் எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்தாள். என்னுங்க, நீங்க போட்டாத்தான் நிக்குது. என்னுங்க, உங்களுக்கும் பொழுது போகுமல்லோ. ஒன்றும் வாய்க்கு வரவில்லை, எல்லாம் சினிமாக் கொஞ்சலாக இருந்தது, அவர் நிமிர்ந்து பார்த்து "என்னாச்சு உனக்கு" என்றுவிட்டால் அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சுவரைப் பார்த்து உட்காருவது. கீங். நான்காவது இடம், முதுகுப் பக்கம். தர்ஷிணியின் மூச்சு காதருகில் கேட்டது, பல் தேய்த்த வாசனை. இந்தப் பிள்ளையை வேறு ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள். கையைப் பிடித்து அவள் மேலே தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் தோள் மட்டத்துக்கு வந்ததும் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடிக்கிறாள், சுவரில் பென்சில் கோடு போட்ட இடத்துக்கு மேல் விரலை ஏற்றாமல் நிறுத்திக்கொள்கிறாள். கடையில் கிழிந்த சேலையை ஒரு நாளும் மடித்துக் கொடுத்து அனுப்பாதவள். முந்தாநாள் தர்ஷிணியின் முகம் வாடிப்போய்விட்டது. "நாலுலயே நிக்குதுங்கம்மா. எனக்குத்தான் எடம் சரியா வெக்கத் தெரியலயோ என்னமோ" என்றாள். இந்தப் பெட்டியில் அவள் முதல் முதலாக வைத்தியம் பார்க்கிற ஆள் ரங்கநாயகிதானாம். அதைச் சொன்னபோது அவள் குரல் குழந்தை மாதிரி இருந்தது. இன்றைக்கும் நாலு என்றால் பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவாளாம், அங்கே தோள் மூட்டுக்குள் ஊசி போடுவார்கள், அதிலும் கேட்கவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்துக் கையைப் பிடித்து மளுக்கென்று தூக்கிவிடுவார்கள். நல்ல கையைப் போய் மளுக்கென்று. ஒரு சடைக்காக இவ்வளவு தூரமா போவது ரங்கநாயகி, உனக்குப் புத்தி கெட்டுப்போயிற்றா? கெட்டுத்தான் போயிற்று என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

தள்ளி வைத்தது திரும்ப வந்து நின்றது. இன்னைக்கு லேசரு. ஒரு தடவைகூட மறந்ததில்லை, மழையிலும் வண்டியை எடுத்தார், அவருக்கே சளி பிடித்திருந்த அன்றைக்கும் எடுத்தார். ஏன்? ஏனென்றால் அவருக்கு இது முடிய வேண்டும். அப்படித்தானே இருக்க முடியும். அறுபத்துநாலு வயசு ஆண்பிள்ளை தினமும் காலையில் சீப்பும் கையுமாகப் பெண்டாட்டிக்குப் பின்னால் நிற்பது யாருக்குப் பிடிக்கும், பேப்பர் ஆறிப்போகிறது, காபி ஆறிப்போகிறது. பொறுப்பான மனிதர், எடுத்த வேலையை விடமாட்டார், கம்பத்தில் கால் நடுங்கியபோதும் ஏறினாரே, அந்த மாதிரி இதையும் செய்துகொண்டிருக்கிறார். பத்தாவது லேசர் முடிந்தால் பணி ஓய்வு. பேசினது? பேசினது சும்மா, கை வேலையாக இருக்கும்போது வாய் ஏதாவது சொல்லும், நாவிதர் பேசுவதில்லையா. இவள்தான் அதை மடித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த நினைப்பு வந்ததும் தோளில் நிஜமாகவே ஒரு வலி வந்தது, கோல் இருந்த இடத்துக்கு நேர் உள்ளே, பத்துக்கு ஆறு கொடுக்கலாம். ஐந்தாவது இடமும் முடிந்தது, கீங். ஆறாவது இடம் கழுத்துக்குக் கீழே, சடையின் ஓரத்தில், தர்ஷிணி சடையை எடுத்து முன்பக்கம் போட்டாள். "சட ரொம்ப அழகா இருக்குதுங்கம்மா, யாரு போட்டது?" என்றாள். பத்து தடவையில் இன்றைக்குத்தான் கேட்கிறாள். "எங்கூட்டுக்காரரு" என்றாள் ரங்கநாயகி. தர்ஷிணி சிரித்தாள். "நெசமாலுமா? என்ற அப்பாவெல்லாம் அம்மாளுக்குத் தண்ணி மோந்து குடுத்து நான் பாத்ததில்லீங்க." அதில் பொறாமையும் இல்லை கேலியும் இல்லை, சும்மா சொன்னாள். ஆனால் பச்சைக் கண்ணாடிக்குள் அதைக் கேட்டதும் ரங்கநாயகி முன்னால் கிடந்த சடையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையிடம் இன்னொரு பரவாயில்லையைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. நாலு மார்க்கை எழுதி வைத்துக்கொண்டு தன் கைதான் சரியில்லை என்று இது எத்தனை நாளைக்கு நினைத்துக்கொண்டிருக்கும்?

பெட்டி மூன்று தடவை கீங் கீங் கீங் என்று கத்தி ஓய்ந்தது. கண்ணாடி போனதும் வெளிச்சம் கண்ணில் குத்தியது. தர்ஷிணி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள், அதற்கு மேல் ஏற்கெனவே டாக்டருக்கான சீட்டுத் தாள் ஒன்று இருந்தது, பெயரும் வயதும் எழுதியிருந்தது. "சொல்லுங்கம்மா. இன்னைக்கு எப்படி இருக்கு?"

"பரவா" என்று ஆரம்பித்து ரங்கநாயகி நிறுத்தினாள்.

"நாலுதானுங்களா?" தர்ஷிணி பேனாவை எடுத்தாள். முகத்தை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள், அந்தக் குனிந்த தலை பார்க்கச் சகிக்கவில்லை.

"இல்ல கண்ணு. ஒண்ணுமே இல்ல. சைபர் போட்டுக்கோ." சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கினாள். காது, நெற்றி, உச்சி, அதற்கும் மேலே, நேராக, மேல் தட்டிலிருந்து பட்டுச் சேலையை இறக்குவது போல. பிறகு பின்னால் மடக்கிப் பிடரியைத் தொட்டுக் காட்டினாள். "எட்டு நாளாவே இப்படித்தான். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஏன்னு மட்டும் கேக்காத சாமி."

தர்ஷிணி கேட்கவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. எழுந்து நின்றாள், ஃபைல் கீழே விழுந்தது, ரங்கநாயகியின் கையைப் பிடித்து மேலே கீழே பக்கவாட்டில் எல்லாம் ஆட்டிப் பார்த்தாள், "அய்யோ அம்மா, அய்யோ அம்மா" என்றாள், பரீட்சையில் தானே தேறிவிட்டது மாதிரி. கதவைத் திறந்து, "அய்யா, சித்தெ உள்ள வாங்க!" என்று கூப்பிட்டாள். வேண்டாம் என்று ரங்கநாயகி சொல்வதற்குள் நாச்சிமுத்து வந்துவிட்டார், கையில் இரண்டு பேருடைய செருப்பையும் வைத்துக்கொண்டு, வெளியே யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்களாம். "அம்மாவப் பாருங்க, முழுசாத் தூக்கறாங்க! இனி சீப்பு, சட எல்லாம் அவங்களே போட்டுக்கலாம், உங்களுக்கு விடுதலைங்கய்யா!" ரங்கநாயகி கையைத் தூக்கினபடி இருந்தாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார், விரல் நுனி வரைக்கும் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த 'ம்'முக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கு எட்டவில்லை, கடையில் இருபத்திரண்டு வருஷம் வாடிக்கையாளர்கள் முகத்தைப் படித்து வாங்கின சாமர்த்தியம் எல்லாம் அங்கே செல்லவில்லை. தர்ஷிணி கையெடுத்துக் கும்பிட்டாள். நாச்சிமுத்து பெட்டியை ஒரு தரம் பார்த்து, "மில்லிவாட்டு" என்று மரியாதையாகச் சொன்னார்.

மாடிப்படியில் அவர் முன்னால் இறங்கினார், அவள் பின்னால். சரி, முடிந்தது, நாளைக் காலையில் சீப்பை அவளே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், அவர் பேப்பர் படிப்பார், டிவி பேசும், இதற்காக உயிரா போய்விடும், முப்பத்திமூன்று வருஷம் இல்லாமல்தானே இருந்தோம். வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பெருந்துறை ரோட்டில் பதினோரு மணி வெயில், லாரி, மஞ்சள் மூட்டை ஏற்றின மினி வண்டி, கரும்புச் சாறு மிஷின் சத்தம். கண்ணுக்கு நேரே அவருடைய முதுகு, வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டு, காலரில் ஒரு நூல் பிரிந்து நின்றது. சிக்னலில் வண்டி நின்றபோது, முகம் தெரியாத அந்த முதுகைப் பார்த்து, அவளுக்கே தெரியாமல் வாய் திறந்துகொண்டது. "கை இன்னைக்குச் சரியாவலீங்க. எட்டு நாளைக்கு முன்னாலயே ஆயிருச்சு. உங்ககிட்டச் சொல்லல." முதுகு அசையவில்லை. கேட்கவில்லையோ என்னவோ என்று இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். சொன்னதைத் திரும்பச் சொல்கிற தைரியம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், இல்லை.

"எட்டு நாளில்ல" என்றார் நாச்சிமுத்து, ரோட்டைப் பார்த்தபடி. "பன்னண்டு நாளாச்சு."

"என்னது?"

"தூக்கத்துல கையத் தலைக்கு மேல போட்டுட்டுப் படுத்திருந்தே. ரெண்டு கையும். நான் தண்ணி குடிக்க எந்திரிச்சேன், பாத்தேன். அன்னைல இருந்து தெனோமும் அப்படித்தான் தூங்கறே."

பன்னிரண்டு நாள். கடுகு டப்பாவுக்கும் நாலு நாள் முன்னால். அவளுக்கே தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு பன்னிரண்டு காலை எழுந்து, சீப்பை எடுத்து, திரும்பி உட்காரு என்று சொல்லியிருக்கிறார். இன்னைக்கு லேசரு என்று வேறு. அவள் அங்கே ஸ்ஸ் என்று நடித்துக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் வெளியே செருப்பைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ரங்கநாயகிக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, இரண்டும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு நின்றன.

"அப்பறம் எதுக்குங்க சடை போட்டீங்க?"

சிக்னல் விழுந்தது. பின்னால் இருந்த பஸ்காரன் ஹாரனைப் போட்டு அழுத்தினான். நாச்சிமுத்து வண்டியை எடுக்கவில்லை. இத்தனை மாசத்தில் முதல் தடவையாக அவர் கழுத்தைத் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்து, கேட்டார்.

"ஏன், போடக் கூடாதா?"